காதில் சொன்ன விலை

இத்தாலியில் வெனிஸுக்குப் பக்கத்து ஊரான கியோஜாவின் மீன் ஏலக்கூடத்தில் சத்தம் போட்டு விலை கேட்கிற வழக்கம் கிடையாது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்ற கூச்சலும் கிடையாது. மீன் பெட்டியைக் கொண்டுவந்து ஏலக்காரர் காலடியில் வைப்பார்கள். வாங்க நினைக்கிறவர் அவரிடம் போய், காதோடு வாயை வைத்து, கிலோவுக்கு இவ்வளவு லிரா என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அடுத்தவர் வருவார், சொல்வார், ஒதுங்குவார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஏலக்காரர் ஒரே ஒரு பெயரைச் சொல்வார். பெயருக்கு உரியவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போவார். முடிந்தது ஏலம். ஜெயித்த விலையைக் குமாஸ்தா ஒரு சீட்டில் எழுதி மடித்து, மீன் பிடித்தவருக்கு ஒன்றும் வாங்கினவருக்கு ஒன்றும் கொடுப்பார். தோற்றவர்கள் கேட்ட விலை அந்தக் காதோடு போய்விடும்.

இதைக் கேட்டால் வெனிஸ்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கென்ன, அண்டை வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது. இங்கே வாங்குகிற இருபத்தாறு பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்தியோ, சித்தப்பா மகனோ, ஒரே கால்வாயில் துணி அலசுகிறவர்களோதான். வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தால் மீனுக்காகவா கேட்பான்? வீம்புக்குக் கேட்பான். நாலு பெட்டி மத்திக்காக ரெண்டு குடும்பம் கல்லறைத் திருநாள் வரைக்கும் பேசாமல் திரியும். காதில் சொன்னால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை. தோற்றவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம்.

அதனால் எல்லாம் அந்த ஒரு காதை நம்பித்தான் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடத்தில் அது அம்பேலியோ நோர்தியோவின் வலது காது.

அம்பேலியோ பிறவி ஏலக்காரர் இல்லை. இருபத்தொன்பது வயது வரைக்கும் படகில் போனவர். ஒரு குளிர்காலத்தில் வலை இழுக்கிற உருளையில் இடது கை சிக்கி ரெண்டு விரல் போயிற்று. விரல் போனவனைப் படகில் யார் ஏற்றுவார்கள்? ஏலக்கூடத்தில் பெட்டி தூக்கினார். அஞ்சு வருஷம் தூக்கினார். பழைய ஏலக்காரர் படுத்த படுக்கையானதும் சங்கத்தார் கூடிப் பேசினார்கள். ஊரில் கணக்குத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு, வாயை மூடத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பெட்டி தூக்கிய அஞ்சு வருஷத்தில் அம்பேலியோ அதிகம் போனால் முப்பது வாக்கியம் பேசியிருப்பார். அவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள்.

ஏறின முதல் வருஷம் அவரைச் சோதிக்காதவர்கள் பாக்கியில்லை. ஒருவர் சாராயம் வாங்கிக் கொடுத்து அடுத்தவன் விலையைக் கேட்டார். ஒருவர் தன் மனைவியை அனுப்பி இனேஸிடம் கேட்க வைத்தார். இனேஸ் என்றால் அம்பேலியோவின் மனைவி. அவளுக்கே ஒன்றும் தெரியாது, பாவம், அவள் என்ன சொல்வாள். பங்குச் சாமியார்கூட ஒருநாள் தமாஷாகச் சொன்னார், ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான், என்னிடம் பாவத்தைச் சொல்கிறார்கள், உன்னிடம் விலையைச் சொல்கிறார்கள், காப்பாற்றக் கஷ்டமானது விலைதான் என்று. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் இங்கே ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, ஏலத்திலும் அதைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்பேலியோவுக்கு அந்த வருஷக் கடைசியில் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பெரிய பட்டம் ஊரில் இல்லை.

ஏலத்தை அவர் முடிக்கிற விதம் தனி. கடைசி ஆள் சொல்லி நகர்ந்ததும் ஒரு மூச்சு நேரம் பொறுப்பார். "வேற யாராச்சும்?" என்று கேட்டு, இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவை பார்ப்பார். பார்வை யார் மேலும் நிற்காது. நின்றால் அதிலேயே சேதி வந்துவிடுமே. பிறகு பெயரைச் சொல்லி, பெட்டியைப் பூட்ஸ் முனையால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் தட்டினதுதான். சொன்ன பெயரைத் திருப்பி எடுக்கக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். எடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தகராறு வரும். காதில் விலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது இன்னொரு சட்டம். ஏலக்காரர் யார் காதிலும் திருப்பி எதுவும் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது. இருபத்து நாலு வருஷம் இந்த மூன்றையும் அவர் ஒரு நூல் பிசகாமல் காப்பாற்றினார்.

அந்த வருஷம் மாசியில் இனேஸுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பதுவை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி வந்துவிட்டது, ஆனால் இனேஸ் சரியாகக் கண் விழிக்கவில்லை. ஞாயிறும் விழிக்கவில்லை, திங்களும் விழிக்கவில்லை. அம்பேலியோ காலையில் ஏலத்தை முடித்துவிட்டு பஸ் பிடித்துப் பதுவைக்குப் போவார். பார்வை நேரம் முடிகிற வரைக்கும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு என்னென்ன மீன் வந்தது என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். விலையைச் சொல்ல மாட்டார். மயங்கிக் கிடக்கிற மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார், மனுஷன் அப்படி.

பார்த்தவர்கள் எல்லாம் லீவு போடச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஓரெஸ்தேயின் படகு வந்தது. ஓரெஸ்தேக்கு அஞ்சு பிள்ளைகள், ஓட்டைப் படகு, ஓயாத புலம்பல். அன்றைக்கு அவனுக்கு அதிர்ஷ்டம். நாற்பது கிலோ நாக்கு மீன், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒரே அளவாக வந்திருந்தது. அந்த மாதிரிப் பெட்டி மாசியில் ரெண்டு தடவை வந்தால் அதிசயம். கூடமே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பீப்பா கஸ்தோனே வந்து சொன்னார். அவர்தான் வாங்குகிறவர்களில் பெரிய புள்ளி, உடம்பாலும். இன்னும் அஞ்சாறு பேர் சொன்னார்கள். பிறகு காடி எல்வீரா வந்தாள். கல்யாண விருந்துகளுக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மீன் வாங்குகிறவள். வாயைத் திறந்தால் புளிக்கும், அதனால் அந்தப் பெயர். முட்டிவலிக் காலை இழுத்துக்கொண்டு வந்து, "நாலாயிரத்து அறுநூறு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரைக்கும் வந்ததில் அதுதான் உச்சம். அம்பேலியோ மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எல்வீரா, நாலு அறுநூறு.

கடைசியாக டினோ வந்தான். டினோ இனேஸின் தம்பி, அதாவது அம்பேலியோவின் மச்சினன். அவனும் மீன் வாங்குகிறவன்தான். அவன் பட்டப்பெயர் 'மணி'. கோயில் மணி மாதிரி ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பான், ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. அம்பேலியோ வீட்டில் போன் இல்லாததால் ஆஸ்பத்திரியில் அவன் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அன்று அவன் வந்தபோது மூச்சு வாங்கியது. பாலத்திலிருந்தே ஓடி வந்திருக்கிறான். காதோடு வாயை வைத்து, "மூணாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவனால் முடியவில்லை.

"அத்தான், அக்கா கண்ணு முழிச்சிட்டா. உங்களத்தான் கேட்டாளாம்."

அம்பேலியோவுக்கு அப்புறம் நடந்தது சரியாக ஞாபகம் இல்லை. வேற யாராச்சும் என்று கேட்டாரா, இல்லையா, அதுகூடத் தெரியாது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போய், உடம்பு முழுக்கச் சேதி கொண்டுவந்தவன் பெயர்தான் இருந்தது.

"மணி" என்று சொல்லிப் பெட்டியைத் தட்டினார்.

குமாஸ்தா விலை என்னவென்று கேட்டார். மூணாயிரத்துத் தொள்ளாயிரம் என்று சொல்லும்போதுதான் உறைத்தது. நாலு அறுநூறு. எல்வீரா. திரும்பிப் பார்த்தால் டினோ பெட்டியை இழுத்துக்கொண்டு பாதி தூரம் போயிருந்தான். சொன்ன பெயர் சொன்னதுதான். எல்வீரா அடுத்த பெட்டி இறாலைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டினோ தன்னைவிட அதிகம் கேட்டுவிட்டான் போல என்று அவள் நினைத்திருப்பாள். வேறென்ன நினைப்பாள்?

வெளியே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடுவதில் அவரை மிஞ்ச ஆளும் இல்லை. ஆனால் ஓரெஸ்தே இருக்கிறானே. சீட்டைப் பிரித்துப் பார்த்தவன் நேரே காபிக் கடைக்குப் போய், இப்படிப்பட்ட நாக்கு மீனுக்கு மூணாயிரத்துத் தொள்ளாயிரமா, ஊரே செத்துப் போச்சா என்று ஒப்பாரி வைத்தான். கடை ஓரத்தில் எல்வீரா காபி குடித்துக்கொண்டிருந்தாள் என்று பெட்டி தூக்குகிற ஆள் வந்து அம்பேலியோவிடம் சொன்னான். அவன் சும்மா ஊர்க்கதை என்று சொன்னான். எல்வீராவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அம்பேலியோவுக்குப் புரிந்தது.

அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்றால், யார் அதிகம் கேட்டது, எவ்வளவு என்று கேட்பார்கள். சொன்னால் எல்வீராவின் விலை வெளியே வந்துவிடும், அதைவிடப் பெரிய குற்றம் அந்தத் தொழிலில் இல்லை. ஓரெஸ்தேயின் நஷ்டத்தைக் கையிலிருந்து கொடுக்கலாம் என்றால், கொடுக்கிற தொகையை நாற்பது கிலோவால் வகுத்தால் அதே விலை வந்து நிற்கும். ஏன் தப்பு நடந்தது என்று சொல்லலாம் என்றால், டினோ காதில் விலையைத் தவிர வேறு பேசினான் என்று ஆகும். மச்சினன் ஏலக்காரரை மயக்கிவிட்டான் என்று அவன் பிழைப்பில் மண் விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பதுவைக்குப் போனபோது இனேஸ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் கண் பழைய கண். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அழுது முடித்ததும் அவள் கேட்டாள்.

"சந்தோஷத்துல அழுதது பாதிதான். மீதி என்ன?"

பெயரும் விலையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னார். டினோ காதில் சொன்ன சேதியை அவளிடம் சொல்லலாம், அது அவளைப் பற்றியதுதானே. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தான் கண் விழித்ததால் ஒருவருக்கு மீன் போயிற்று, இன்னொருவருக்குக் காசு போயிற்று என்று புரிந்ததும், மெலிந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்கே சொல்லிடுங்க. எத சொல்ல முடியுமோ அத மட்டும் சொல்லுங்க. நம்புனா நம்பட்டும். எதையும் மறைச்சு வெச்சுக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காராதீங்க."

புதன்கிழமை அவர் மேடைக்கு ஏறும்போதே கூடத்தில் சலசலப்பு இருந்தது. ஓரெஸ்தேயின் ஒப்பாரி ஊர் முழுக்கச் சுற்றி, ஏலக்காரன் மச்சினனுக்கு மலிவாகத் தள்ளிவிட்டான் என்ற வடிவத்தில் திரும்பி வந்திருந்தது. முதல் பெட்டி கணவாய். அதை வைத்ததும், கொஞ்சம் பொறுங்கள் என்று அம்பேலியோ கையைத் தூக்கினார்.

"நேத்து ஓரெஸ்தேயோட நாக்கு மீன்ல நான் தப்பான பேரச் சொல்லிட்டேன். டினோ கேட்டத விட அதிகமா ஒருத்தர் கேட்டிருந்தாங்க. தப்பு என்னோடது. டினோவோடது இல்ல."

டினோ வாயைத் திறந்தான். அம்பேலியோ அவனை ஒரு பார்வை பார்த்தார். மணி ஆயுசில் முதல் தடவையாக அடிக்காமல் நின்றது.

அந்த ஒருத்தர் யார் என்று கேட்டார் பீப்பா கஸ்தோனே. சொல்ல மாட்டேன் என்றார் அம்பேலியோ. எவ்வளவு கேட்டார் என்றார். அதையும் சொல்ல மாட்டேன் என்றார்.

"அப்ப நீ சொல்றது நெசமா பொய்யான்னு எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"தெரியாது" என்றார் அம்பேலியோ.

பின்னாலிருந்து ஒரு குரல், "மச்சினனுக்கு மீனு, ஊருக்கு மன்னிப்பா?" என்றது. நாலு பேர் சிரித்தார்கள். அம்பேலியோ தன் ஒரு மாதத் தரகுப் பணத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை ஓரெஸ்தேயிடம் நீட்டினார். ஓரெஸ்தே புலம்பல்காரன்தான், பேராசைக்காரன் இல்லை. தனக்கு எவ்வளவு நஷ்டமோ அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றான். சரியான தொகையைச் சொன்னால் விலை தெரிந்துவிடும், அதனால்தான் கூடுதலாக இருக்கிறது, வாங்கிக்கொள் என்றார் அம்பேலியோ. பூட்டு இப்போதும் பூட்டுத்தான் என்று ஓரெஸ்தேக்குப் புரிந்தது. உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"இருபத்து நாலு வருஷம் என் காத நம்புனீங்க. இனிமே நம்ப முடியலேன்னா அது உங்க தப்பு இல்ல. இந்தக் கணவாய வெக்கிறேன். யாரும் வரலேன்னா எறங்கிடறேன்" என்றார் அம்பேலியோ.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வேடிக்கைக்காக இல்லை. திறந்து வைத்திருந்தால் கண் தானாக எல்வீரா பக்கம் போய்விடுமோ என்ற பயம். அந்த நேரத்திலும் அவள் விலையைக் காப்பாற்றுகிற யோசனைதான்.

யாரும் நகரவில்லை. பெட்டியிலிருந்து மை கலந்த தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே ஒரு படகு எஞ்சினை நிறுத்தியது. அம்பேலியோ தனக்குள் அம்பது எண்ணினார். இறங்கி என்ன செய்வது? ஐம்பத்தெட்டு வயதில், எட்டு விரலோடு, ஆஸ்பத்திரியில் மனைவி. மறுபடியும் பெட்டி தூக்க முதுகு கேட்காது. ஆனால் அதைவிட ஒன்று நெஞ்சைக் குடைந்தது. இனி இந்த ஊரில் யாரும் தன் காதில் எதையும் சொல்ல மாட்டார்கள்.

அப்போது ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து.

எல்வீரா வந்து நின்றாள். எப்போதும் போல அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். காதோடு வாயை வைத்தாள். கணவாய்க்கு விலை சொன்னாள். நியாயமான விலை. குத்தலாக ஒரு சொல் இல்லை, ஆறுதலாகவும் ஒரு சொல் இல்லை, விலை மட்டும். நேற்று எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அம்பேலியோவுக்கு அந்த நிமிஷத்தில் மண்டியிட்டு அவள் பூட்ஸைத் தொடலாம் போலிருந்தது. ஏமாந்தவள் அவள். எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டக்கூடியவள் அவள். அதற்கான வாயும் அவளிடம் இருந்தது. அந்த வாயைத்தான் கொண்டுவந்து அவர் காதில் வைத்தாள். ஏமாந்தது அவள்தான் என்பது கூடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. நன்றி என்று ஒரு வார்த்தை முணுமுணுக்கக்கூட வழி இல்லை, ஏலக்காரர் திருப்பிப் பேசக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றார்.

எல்வீராவே போய் விலை சொல்லிவிட்டாள், நாம் என்ன நிற்கிறோம் என்பதுபோல ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். பீப்பா கஸ்தோனே மீசையைத் தடவி யோசித்துவிட்டுக் கடைசியில் வந்தார். அவர்தான் அதிகம் சொன்னார். "வேற யாராச்சும்?" என்று கேட்டு, இடமிருந்து வலமாகப் பார்த்து, "பீப்பா" என்று சொல்லிப் பெட்டியைத் தட்டினார் அம்பேலியோ. தோற்றுப்போன எல்வீரா, கணவாய்க்கெல்லாம் சொத்தை எழுதி வைக்கிற காலம் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

ஏலம் முடிந்து அவள் பாலத்தில் ஏறும்போது அம்பேலியோ பின்னாலேயே ஓடினார். கூடத்துச் சட்டம் பாலத்துக்குக் கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எல்வீரா, நான் உனக்கு, என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போக முடியாமல் நின்றார்.

"எதுக்கு நன்றி? நேத்து எனக்கு மீன் கெடைக்கல. தெனம் யாருக்காச்சும் கெடைக்காமதான் போகுது. அதுக்கெல்லாம் தொப்பியக் கழட்டுனா உனக்கு ஜலதோஷம்தான் புடிக்கும்" என்றாள் எல்வீரா.

ரெண்டு படி ஏறினாள். முட்டி வலித்தது போல, நின்றாள்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், அம்பேலியோ. டினோ குனிஞ்சு சொன்னான், உன் மூஞ்சி வெளக்கேத்தின மாதிரி ஆயிடுச்சு. கிலோவுக்கு எவ்வளவு சொன்னாலும் எவனுக்கும் மூஞ்சி அப்படி ஆகாது. காபிக் கடையில ஓரெஸ்தே வெலையச் சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. அப்பறம் அந்த மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. இனேஸ் முழிச்சிட்டாதானே?"

முழிச்சிட்டா என்று தலையாட்டினார்.

"அப்ப போ. பஸ்ஸ விட்டுடாத" என்று சொல்லிவிட்டு அவள் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு கல்யாணத்துக்கு அறுபது பேருக்கு நாக்கு மீன் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள் என்பது அம்பேலியோவுக்குப் பிறகுதான் தெரிந்தது. மீன் கிடைக்காமல் கணவாயும் களியும் போட்டாளாம். பெண்ணின் தாயார் கன்னாபின்னாவென்று கத்தினாளாம். எல்வீரா திருப்பிக் கத்தினாளாம். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லையாம். இதைக் கேட்ட அன்று அவர் பேராலயத்துக்குப் போய் ஊரின் காவல் புனிதர்களான ஃபெலிச்சே, ஃபொர்த்துனாத்தோ இருவருக்கும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். இனேஸுக்கு ஒன்று, பெயர் சொல்லக் கூடாத ஒருவருக்கு ஒன்று.

மூன்று வாரம் கழித்து இனேஸ் வீட்டுக்கு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, அந்த ஒருத்தர் யார் என்பதுதான். தன்னால் ஒருவருக்கு மீன் போயிருக்கிறது, அவர் வாயே திறக்கவில்லை, அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்றாள். காதில் சொன்னது என்றார் அம்பேலியோ. உங்கள் காதை நான் அறுக்கவா போகிறேன், ஆணா பெண்ணா என்றாவது சொல்லுங்கள் என்றாள். அதுவும் காதில் சொன்னதில்தான் சேரும் என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவள், இதற்குமேல் தட்டினால் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ரெண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகும் கரும்புப்பாகும் போட்டுப் பெவரினி பிஸ்கோத்து சுட்டாள். நின்று செய்ய முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாவு பிசைந்தாள். எதற்கு இவ்வளவு என்று அம்பேலியோ கேட்டார்.

"ஒருத்தருக்குக் குடுத்தா அவங்க யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம். இருபத்தாறு பேருக்கும் குடுத்துட்டா? அதுல ஒருத்தருக்குப் போய்ச் சேந்துடும்ல."

இருபத்து நாலு வருஷமாக விலையைக் காப்பாற்றத் தெரிந்த அம்பேலியோவுக்கு இந்த யோசனை தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் ஏலம் முடிகிற சமயத்தில் இனேஸ் டினோவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஈரத் தரையில் மெதுவாக நடந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள். இருபத்தாறு பொட்டலமும் ஒரே காகிதம், ஒரே நூல், ஒரே எடை. ஒவ்வொருவர் கையையும் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னாள், "உங்க புண்ணியத்துல நான் பொழச்சு வந்தேன்."

ஒன்றும் செய்யாதவர்கள் நெளிந்தார்கள். மச்சினனுக்கு மீன் என்று அன்றைக்குக் குரல் கொடுத்தவர் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார். பீப்பா கஸ்தோனே, நான் ஒண்ணும் பண்ணலியேம்மா என்றார். பண்ணினவர் யாரென்று தனக்குத் தெரியாதே, அதனால் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே என்றாள் இனேஸ். அந்தப் பெரிய மனுஷர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

எல்வீரா இறால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். இனேஸ் அவள் கையைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொன்னதையே சொன்னாள். கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது, காடி என்ன சொல்லப் போகிறது என்று. மிளகு தூக்கல் என்பாள், மாவு வேகவில்லை என்பாள், ஏதாவது ஒன்று உண்டு. எல்வீரா ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. கடைசியில் இனேஸின் சால்வை ஒரு பக்கம் நழுவியிருந்ததை இழுத்துத் தோளில் போர்த்திவிட்டு, விறுவிறுவென்று காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்பேலியோ அந்த நேரம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீட்டில் சூப் ஊற்றும்போது இனேஸ் சொன்னாள்.

"அந்தக் காடிப் பொம்பளைக்கு இன்னொரு பொட்டலம் சேத்துக் குடுத்திருக்கலாம்."

"அவங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்றார் அம்பேலியோ, தட்டைப் பார்த்தபடி.

இனேஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்கும் இல்ல. சும்மாதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.